சில கலாய்ப்புகள் மட்டும் ஏன் பழசாவதில்லை? ‘தமிழ் படம்’ வேலை செய்யும் விதம்

2010 ஜனவரி 29 அன்று வெளியான ‘தமிழ் படம்’, அதற்கு முந்தைய முப்பது, நாற்பது வருஷத் தமிழ் சினிமாவை வரிசையாக நிற்க வைத்துக் கலாய்த்தது. நியாயப்படி பார்த்தால் அது இந்நேரம் காலாவதி ஆகியிருக்க வேண்டும். அது கிண்டல் செய்த படங்கள் பழசாகிவிட்டன, அவற்றைத் தியேட்டரில் பார்த்தவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது, ‘தளபதி’யை முழுசாகப் பார்த்திராத ஒரு தலைமுறை கல்லூரி முடித்து வேலைக்கும் போய்விட்டது. ஆனாலும் அந்தப் படம் டிவியில் ஓடினால் சேனலை மாற்ற மனசு வருவதில்லை. அதே சமயம், போன வருஷம் எல்லாரும் பகிர்ந்த ஒரு கலாய்ப்பு வீடியோவை இன்றைக்குப் போட்டால் “இது எதுக்கு சிரிச்சோம்?” என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டும் கலாய்ப்புதான். ஒன்று நிற்கிறது, இன்னொன்று ஒரு மாசத்தில் புளித்துவிடுகிறது. ஏன்?

“பெரிய ஹீரோக்களைக் கிண்டல் செய்தால் ஜனங்களுக்குப் பிடிக்கும்” என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது தப்பு என்பது என் கருத்து. பெரிய ஹீரோக்களைக் கிண்டல் செய்து குப்புற விழுந்த படங்கள் ஏராளம். விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

## முதலில் நாலு சொற்கள்

இந்தப் பேச்சில் சில சொற்களை எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் முதலில் இவை.

1. கலாய்ப்பு: பொதுச் சொல். நண்பனின் சட்டையில் ஆரம்பித்து நாட்டின் பிரதமர் வரை யாரையும், எதையும் செய்யலாம்.

2. ஸ்பூஃப்: ஒரு கலை வடிவத்தை அதே வடிவத்திலேயே போலச் செய்து காட்டிச் சிரிக்க வைப்பது. சினிமாவைப் பற்றி மேடையில் ஜோக் சொன்னால் அது கலாய்ப்பு. சினிமாவையே எடுத்துச் சினிமாவைக் கிண்டல் செய்தால் அது ஸ்பூஃப்.

3. நையாண்டி: இதன் குறி சமூகமும் அரசியலும். சோ எழுதி, இயக்கி, நடித்து 1971-இல் வந்த ‘முகமது பின் துக்ளக்’ இதற்கு நல்ல உதாரணம். பதினான்காம் நூற்றாண்டு சுல்தான் சமாதியிலிருந்து எழுந்து வந்து இந்தியாவின் பிரதமராகிறார், கட்சி தாவி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிறார். அந்தப் படம் வேறு எந்தப் படத்தையும் போலச் செய்யவில்லை, அரசியலைத்தான் அடித்தது.

4. கல்ட்: இதை வசூல் முடிவு செய்வதில்லை. பார்த்தவர்கள் திரும்பப் பார்க்கிறார்களா, வசனம் வாயில் வருகிறதா, பார்க்காதவனைப் பிடித்து உட்கார வைத்து “இந்த சீனைப் பாரு, இந்த சீனைப் பாரு” என்கிறார்களா என்பதுதான் அடையாளம். வெளியானபோது ஓடாமல் போய், அப்புறம் கண்டெடுக்கப்பட்ட படம்தான் கல்ட் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது கட்டாயம் இல்லை. ‘தமிழ் படம்’ வந்தபோதே ஓடிய படம்.

ஐந்தாவதாக ஒரு சொல் உண்டு, டெம்ப்ளேட். இந்தக் கட்டுரையின் மொத்தப் பாரமும் அதன் மேல்தான், அதனால் அதற்குத் தனி இடம்.

## டெம்ப்ளேட் எப்படிப் பிறக்கிறது

டெம்ப்ளேட் என்பது படத்துக்குப் படம் அதே அச்சில் திரும்ப வரும் காட்சி. அந்தச் சொல்லைக் கேட்டாலே ஏதோ சோம்பேறித்தனம் என்று நினைக்கிறோம். ஆரம்பத்தில் அது ஒரு நல்ல தீர்வாகத்தான் இருந்திருக்கும்.

‘அண்ணாமலை’யை எடுத்துக்கொள்ளுங்கள், 1992-இல் வந்தது. பால்காரர் ஒருவர் அவமானப்படுகிறார், பணக்கார நண்பனிடம் சவால் விடுகிறார், உழைத்துப் பெரிய ஆளாகிறார். அந்த உழைப்புக்குப் பல வருஷம் ஆகும். படமோ மொத்தமே இரண்டே முக்கால் மணி நேரம். என்ன செய்வது? ‘வெற்றி நிச்சயம்’ என்று ஒரு பாட்டு. பாட்டு போகப்போக ஆளும் உயர்ந்துகொண்டே போகிறார். பார்க்கிறவருக்கு அது அஞ்சு நிமிஷம்தான், ஆனால் கதைக்குள் வருஷங்கள் கடந்துவிட்டன என்று நாம் ஒத்துக்கொள்கிறோம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒத்துக்கொள்கிறோம், அதுதான் இதில் முக்கியம். சினிமாவுக்கும் பார்வையாளருக்கும் இடையே போடப்பட்ட பேசாத ஒப்பந்தம் அது.

இப்படி எத்தனையோ ஒப்பந்தங்கள் இருக்கின்றன. சைக்கிள் சக்கரத்தைக் காட்டுவார்கள், சிறுவன் கால், சக்கரம், மறுபடி கால், நிமிர்ந்து பார்த்தால் ஆள் வளர்ந்திருப்பார். நாம் “சரி, பதினைந்து வருஷம் ஆகிவிட்டது” என்று எடுத்துக்கொள்வோம். சிறு வயதில் பிரிந்த அண்ணன் தம்பிகள் ஒரு குடும்பப் பாட்டைப் பாடி ஒன்று சேர்வார்கள். 1975-இல் வந்த ‘நாளை நமதே’ அதற்குப் பேர்போனது. நாற்பதைத் தாண்டிய நாயகர் கையில் ஒரே ஒரு நோட்டுடன் கல்லூரிக்குள் நுழைவார், நாம் மாணவர் என்று ஏற்றுக்கொள்வோம்.

ஒரு காட்சி ஒரு படத்தில் ஜெயித்தால் அடுத்த பத்துப் படத்தில் வரும். பத்தில் நாலு ஜெயித்தால் அடுத்த ஐம்பதில் வரும். ஐம்பதாவது தடவையில் காட்சியின் காரணம் மறந்துபோய் வடிவம் மட்டும் மிச்சமிருக்கும், உடுப்பு நைந்து தையல் வெளியே தெரிவது மாதிரி. அந்தத் தையல் நம் எல்லார் கண்ணிலும் படுகிறது. ஆனால் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் நாமும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்.

## ஒரு ஜோக்கைப் பிரித்துப் பார்த்தால்

இனி ‘தமிழ் படம்’ என்ன செய்கிறது என்று பார்க்கலாம். விளம்பரத் துறையிலிருந்து வந்த சி.எஸ். அமுதனுக்கு இயக்குநராக இது முதல் படம். ‘சென்னை 600028’, ‘சரோஜா’ மூலம் தெரிந்திருந்த சிவா நாயகன்.

நாயகியின் அப்பா பெரிய பணக்காரர். அவர் பெயரே கோடீஸ்வரன். ஏழை நாயகனை அவர் அவமதிக்கிறார். நாயகன் சவால் விடுகிறார். பாட்டு ஆரம்பிக்கிறது. பாட்டு முடிகிறது. நாயகன் இப்போது கோடிகளுக்குச் சொந்தக்காரர்.

இதில் ஜோக் எங்கே இருக்கிறது? காட்சிகளின் வரிசை ‘அண்ணாமலை’யில் பார்த்ததுதான். கிட்டத்தட்ட எதையுமே மாற்றவில்லை. மாற்றியது ஒன்றே ஒன்று, அந்தப் பேசாத ஒப்பந்தத்தை. அசலில் அஞ்சு நிமிஷப் பாட்டை நாம் பத்து வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அஞ்சு நிமிஷம் என்றால் அஞ்சு நிமிஷம்தான்.

படத்தின் மற்ற நல்ல ஜோக்குகளை இதே மாதிரி பிரித்துப் பாருங்கள், அடியில் இதே எலும்புதான் கிடைக்கும்.

1. ஹீரோ ஆகத் துடிக்கும் சிறுவன் சைக்கிளை மிதிக்கிறான், பெரியவனாகிவிடுகிறான். அசலில் சைக்கிள் சக்கரம் என்பது காலம் கடந்ததற்கு எடிட்டர் வைத்த அடையாளம். இங்கே சைக்கிள் மிதித்ததால்தான் ஆள் வளர்கிறான்.

2. நாயகிக்கு ஆண்கள் என்றாலே ஆகாது, நடனம்தான் உயிர். நாயகன் ஒரே இரவில் பரதநாட்டியம் கற்று ஆடிக் காட்டுகிறார். அசல் படங்களில் ‘பயிற்சிக் காட்சி’ என்று ஒன்று வரும், அதில் மாதங்கள் கடக்கும். இங்கே ராத்திரி படுத்து விடிவதற்குள் கலை கைக்கு வந்துவிடுகிறது.

3. நாயகனின் கல்லூரித் தோழர்கள் எம்.எஸ். பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி. பாத்திரங்களின் பெயர்கள் நகுல், பரத், சித்தார்த். வயதைப் பற்றிப் படத்தில் இருக்கும் யாருக்கும் கவலை இல்லை. நாமும் இத்தனை வருஷம் கவலைப்படாமல்தானே இருந்தோம்.

4. பாதிப் படம் போன பிறகு நாயகன் ரகசிய போலீஸ் அதிகாரி என்று தெரிய வருகிறது. முன்னால் ஒரு குறிப்பும் கிடையாது, தேவையும் இல்லை.

அதாவது, சினிமா உருவகமாகச் சொன்னதை இந்தப் படம் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறது. ஒரு பழமொழியைக் குழந்தை அப்படியே நம்பினால் சிரிப்பு வருமே, “காலம் பறந்துபோச்சு” என்றால் “எங்கே பறந்துச்சு?” என்று கேட்குமே, அந்த வகை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று நகைக்கு நாலு இடம் சொல்கிறது. ‘தமிழ் படம்’ எள்ளல் என்று நினைத்துத்தான் எல்லாரும் போகிறோம். ஆனால் நாயகனைப் பார்த்தால் எள்ளலைவிடப் பேதைமையும் மடமும்தான் அதிகம் வேலை செய்கின்றன. சினிமா என்ன சொன்னாலும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிற ஒரு வெள்ளந்தி மனசு.

இதனால்தான் ‘தளபதி’யைப் பார்க்காதவரும் சிரிக்க முடிகிறது. ‘அண்ணாமலை’ தெரியாவிட்டாலும் ஒரே பாட்டில் பணக்காரர் ஆகும் இன்னொரு படம் தெரிந்திருக்கும். எதுவுமே தெரியாவிட்டாலும், அஞ்சு நிமிஷத்தில் ஒருவர் கோடீஸ்வரர் ஆவது தன்னளவிலேயே அபத்தம். 2012-இல் இதே படம் அல்லரி நரேஷ் நடிக்கத் தெலுங்கில் ‘சுடிகாடு’ என்று போனது, அங்கேயும் ஓடியது. வெறும் தமிழ்ப் படக் காட்சிகளை மட்டும் நம்பிய ஜோக்காக இருந்தால் எல்லையைத் தாண்டியிருக்காது. ஒப்பந்தங்கள் இரண்டு ஊர் சினிமாவுக்கும் பொது.

## சிரிக்காமல் செய்வது

எலும்பு சரியாக இருந்தாலும் ஜோக் சாகலாம். தமிழில் பல ஸ்பூஃப் முயற்சிகள் செத்தது இங்கேதான். நடிகர் கண்ணடிப்பார், பின்னணியில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும், பக்கத்தில் இருப்பவர் “என்னப்பா இது?” என்று நமக்காகக் கேட்பார். சிரிக்க வேண்டிய வேலையை அவர்களே செய்துவிட்டால் நமக்கு என்ன மிச்சம்?

1980-இல் வந்த ஹாலிவுட் படம் ‘ஏர்பிளேன்!’ இந்தப் பாடத்தை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது. அதை எடுத்த மூவரும் 1957-இல் வந்த ‘ஜீரோ அவர்!’ என்ற சீரியஸ் விமானப் படத்தின் உரிமையை வாங்கினார்கள், அதன் கதையையும் பல வசனங்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய முடிவு, நகைச்சுவை நடிகர்களைத் தேடாமல் லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக், லாய்ட் பிரிட்ஜஸ் மாதிரி அதுவரை கம்பீரமான வேஷங்களில் பார்த்துப் பழகிய ஆட்களைப் போட்டது. அவர்கள் அபத்தத்தை அதே கம்பீரத்தோடு பேசினார்கள்.

‘தமிழ் படம்’ எடுத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஒளிப்பதிவு நிரவ் ஷா. பெரிய பட்ஜெட் மசாலாப் படத்துக்கு என்ன வெளிச்சம், என்ன கோணம் வைப்பார்களோ அதையே வைத்திருக்கிறார். நாயகன் அறிமுகத்தை ஒலி இல்லாமல் பார்த்தால் நிஜமான மாஸ் படம் என்றுதான் தோன்றும். சிவாவின் குரலைக் கவனியுங்கள், ஏற்ற இறக்கமே கிடையாது. உருக்கமான வசனத்தையும் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற தொனியில் சொல்வார். நம் பஞ்ச் டயலாக்குகளின் பாதிப் பலம் குரலில்தான் இருக்கிறது. அந்தக் குரலை உருவிவிட்டால் வார்த்தை மட்டும் அம்மணமாக நிற்கும், அது எவ்வளவு காலி என்று தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் உச்சம் ‘ஓ மஹ சீயா’ பாட்டு. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஹரிஹரன் பாடுகிறார். கண்ணன் இசை. மெட்டு நல்ல மெட்டு, குறையே சொல்ல முடியாது. மெல்ல ஆரம்பித்து, குரல் தழுதழுத்து, காதல் பாட்டுக்கு உரிய எல்லா மரியாதையோடும் போகிறது. வரிகளில் மட்டும் அர்த்தம் உள்ள ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க முடியாது. பழைய ஹிட் பாட்டுகளில் வந்த பொருளற்ற ஓசைகளைப் பொறுக்கியெடுத்துக் கோத்திருக்கிறார்கள். 2008-இல் தெருவெல்லாம் அலறிய ‘நாக்க முக்க’வும் அதில் இருக்கிறது. குத்துப் பாட்டில் கத்திய அதே ஓசை ஹரிஹரன் வாயில் கஜல் மாதிரிக் குழைந்து வருகிறது.

முதல் தடவை கேட்கும்போது காது ஏமாறிவிடும். இரண்டு வரி போன பிறகுதான் “இரு, என்ன பாடறாங்க?” என்று உறைக்கும். அடுத்த நொடி இன்னொன்றும் உறைக்கும், அதுதான் இந்தப் பாட்டின் சாமர்த்தியம். இதே மாதிரி எத்தனை பாட்டை அர்த்தமே தெரியாமல் உருகி உருகிப் பாடியிருக்கிறோம்! பாட்டாசிரியர்கள் மேல் எறிந்த கல் மாதிரித் தெரிகிறது, விழுவது நம் தலையில். சோகமாக ஒரு மெட்டு வந்தால் போதும், நாம் உருகத் தயார்.

## அப்படியானால் அடி யாருக்கு?

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன கருத்துக்கு வருகிறேன். ‘தமிழ் படம்’ பெரிய ஹீரோக்களைக் கலாய்த்தது என்று சொல்வது பாதி உண்மை. அது கலாய்த்தது அந்தக் காட்சிகளுக்கு விசிலடித்த நம்மை.

பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் தொல்காப்பியத்துக்கு எழுதிய உரையில் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாம் நகுவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஒரு நடிகரின் நடை, உடை, உடம்பைக் கிண்டல் செய்தால் அது முதல் வகை. அவர் ரசிகருக்குக் கோபம் வரும், மற்றவருக்குக் குரூரமான ஒரு சின்னச் சந்தோஷம் வரும், அதோடு முடிந்தது. நாம் நம்பிய ஒன்றை எடுத்து நம் முன்னாலேயே விரித்துக் காட்டினால் அது இரண்டாவது வகை. சிரிப்பில் கசப்பு இருக்காது. ரஜினி ரசிகர்கள் ‘தமிழ் படம்’ பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பதில் எந்த முரணும் இல்லை. அவர்களைவிட அந்தக் காட்சிகளை அணு அணுவாக அறிந்தவர்கள் யார்?

இது நமக்குப் புது விஷயமும் இல்லை. தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டி, கிரீடம் வைத்து, திரைக்குப் பின்னால் ஆர்ப்பாட்டமாக ஆடி வெளியே வருவார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவரைப் பார்த்து “யாருய்யா நீ?” என்பான். ராஜா தன் பெருமையைப் பாட வேண்டும், கட்டியக்காரன் நடுவில் புகுந்து குதர்க்கம் பேசுவான், சபையைப் பார்த்து இந்த ஊர்க் கதை ஒன்றை இழுப்பான். அதனால் ராஜாவின் மதிப்பு குறைவதில்லை. விடியற்காலையில் அதே ராஜா சாகும்போது அதே சபை அழும். என்.எஸ். கிருஷ்ணன் 1949-இல் ‘நல்லதம்பி’ படத்தில் செய்த ‘கிந்தனார்’ காலட்சேபமும் இந்த வழிதான். நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பரம் போகத் துடித்தவரின் இடத்தில் படிப்புக்காகப் பட்டணம் போகத் துடிக்கும் கிந்தனை வைத்தார். நந்தனார் கதைக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை.

### கள்ளிப்பால் காட்சி

ஆனால் எல்லாமே இவ்வளவு சுலபம் இல்லை. படத்தின் ஆரம்பமே நெருடலான இடம்தான், அதைத் தாண்டிப் போகக் கூடாது.

சினிமாப்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே ஆண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால் கொடுத்துக் கொன்றுவிடுவார்கள். ஒரு குழந்தையைக் கொல்ல எடுத்துப் போகும்போது அது வாய் திறந்து பேசுகிறது. தன்னைக் கூட்ஸ் ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் பெரிய ஹீரோ ஆகிவிடுவேன் என்கிறது. கூட்ஸ் ரயில் ‘தளபதி’யிலிருந்து வருகிறது, சரி. ஆனால் குழந்தையைக் கொல்வது 1994-இல் பாரதிராஜா எடுத்த ‘கருத்தம்மா’விலிருந்து வருகிறது. அது கற்பனை இல்லை. பெண் சிசுக்கொலை தமிழ்நாட்டில் நடந்த கொடுமை, அதைத் தடுக்கத்தான் 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. இதில் சிரிக்கலாமா?

நான் இதைப் பல தடவை யோசித்துப் பார்த்து, கடைசியில் காட்சியின் பக்கம்தான் நிற்கிறேன். காரணம் இதுதான். காட்சி எங்கேயும் செத்துப்போன குழந்தைகளைக் கிண்டல் செய்யவில்லை. ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றியதால், நிஜக் கொடுமை கதைக்கு வெளியே போய்விடுகிறது. உள்ளே மிச்சம் இருப்பது ‘கிராமத்துக் கொடுமை’யைச் சினிமா காட்டுகிற பாணி, அப்புறம் “ஆம்பளப் புள்ள பொறந்தா ஹீரோ ஆகித் தொலைப்பான்” என்கிற பயம். அந்த இடமாற்றம் மட்டும் இல்லாமல், பெண் குழந்தையை வைத்தே காட்சியை எடுத்திருந்தால் நான் இதே பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன். மரியாதையில்லாத நகைச்சுவைக்கு எல்லை எங்கே என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். எல்லை தலைப்பில் இருப்பதில்லை, அடி எந்தப் பக்கம் திரும்பி விழுகிறது என்பதில் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் காட்சி இன்னும் உறுத்தினால் அதிலும் நியாயம் உண்டு.

## சட்டம் என்ன சொல்கிறது

“அடுத்தவர் படத்தை எடுத்துக் கிண்டல் செய்தால் கேஸ் போட மாட்டார்களா?” என்று பலருக்குச் சந்தேகம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. கதையின் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒரு கருவை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ‘ஒரே பாட்டில் பணக்காரன்’ என்பது கரு, அது யார் சொத்தும் இல்லை.

2. அசலிலிருந்து நேரடியாக எடுத்தால் நிலைமை மாறும். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. ஆனால் ‘பகடி’ என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை, அதனால் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

3. 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு நல்ல வழி காட்டியது. தோப்பில் பாஸியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்ட் நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரன் அசலிலிருந்து நிறைய எடுத்திருந்தார். எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், அசலுக்குப் போட்டியாக விலைபோகுமா என்று மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்து, எதிர்நாடகத்தை நீதிமன்றம் அனுமதித்தது.

டெம்ப்ளேட்டைக் கலாய்ப்பவருக்குச் சட்டத்திலும் பயம் குறைவு, ஆயுளும் அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அது யாருடைய தனிக் காட்சியையும் நம்பி இல்லை.

## எட்டு வருஷம் கழித்து

2018 ஜூலை 12-இல் ‘தமிழ் படம் 2’ வந்தது. அதே அமுதன், அதே சிவா. வசதி அதிகம், எதிர்பார்ப்பும் அதிகம். சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனால் முதல் படத்தைப் பார்க்கிற மாதிரி இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுவதில்லை. ஏன் என்பதற்கு மேலே சொன்ன கணக்கே பதில் தருகிறது.

அதன் முதல் போஸ்டரில் சிவா சமாதிக்கு முன்னால் கண் மூடித் தியானத்தில் இருந்தார். 2017 பிப்ரவரி 7 ராத்திரி ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் சுமார் நாற்பது நிமிஷம் தியானத்தில் உட்கார்ந்தார். தமிழ்நாடே டிவி முன்னால் உறைந்திருந்த ராத்திரி அது. போஸ்டர் வந்த அன்றைக்கு அது வெடித்துச் சிரிக்க வைத்தது. இப்போது அந்தப் போஸ்டரைப் பார்க்கும் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு, பின்னணி முழுவதையும் சொல்லி முடித்த பிறகு சிரிப்பு வராது, தகவல்தான் கிடைக்கும். இரண்டாம் படத்தில் இந்த வகை அதிகம். அந்தந்த வருஷத்துப் படத்தின் கெட்டப், அந்தந்த வருஷத்து வைரல் காட்சி என்று தேடித் தேடி வைத்திருந்தார்கள். கண்டுபிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறதுதான். “இது அந்தப் படம்!” என்று சொன்னதும் அந்தச் சுகம் தீர்ந்துவிடுகிறது.

அமுதனின் குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது. நடுவில் ஊர் மாறிவிட்டது. 2010-இல் சினிமாவைச் சினிமாக்காரர்களே கலாய்ப்பது அபூர்வம். அதற்கு முன் விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ ஒரு வாரத்துக்கு ஒரு படம் என்று எடுத்து வழி வெட்டியிருந்தது, சந்தானம் நமக்குக் கிடைத்ததும் அங்கிருந்துதான். 2018-இல் நிலைமையே வேறு. டீசர் வந்து அரை மணி நேரத்தில் நூறு மீம் வந்துவிடுகிறது. காட்சியைக் கலாய்க்கும் வேலையை ஃபோன் வைத்திருக்கும் எல்லாரும் தினமும் இலவசமாகச் செய்கிறார்கள், அதுவும் படத்தைவிட வேகமாக. ஒரு முழுநீளப் படம் அந்த ஓட்டத்தில் ஜெயிக்கவே முடியாது.

## விளைவுகள்

முதலாவது, சீரியஸ் படம் எடுப்பவர்களுக்கு ஏற்பட்ட சங்கடம். ஒரு ஜோக் டெம்ப்ளேட்டுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதை மறுபடி அறியாமல் பார்க்க முடியாது. ஒரே பாட்டில் நாயகன் முன்னேறினால் பக்கத்து சீட்டில் யாராவது முணுமுணுப்பார்கள். இது சினிமாவுக்கு நல்லதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒப்பந்தத்தைப் புதுசாக எழுத வேண்டிய கட்டாயம் வருகிறது.

இரண்டாவது, அது கல்ட் ஆனதற்கான உண்மையான காரணம். இந்த வகைப் படத்தை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் மறுநாள் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது. அதில் பாதிப் படம் திரையில் இருக்கிறது, மீதிப் பாதி நம் ஞாபகத்தில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் ஜோக் முழுசாகிறது. அடுத்தவர் ஞாபகத்தில் நமக்குத் தெரியாத இன்னும் நாலு படம் இருக்கும், அதனால் அவரோடு பார்த்தால் ஜோக்கும் கூடும். கடைசியில் ‘டி’ என்ற பயங்கர தாதா யார் என்று பார்த்தால் நாயகனை வளர்த்த பாட்டி பரவை முனியம்மா. முதல் தடவை அது அதிர்ச்சி. இரண்டாவது தடவை பாட்டி வரும் ஒவ்வொரு காட்சியிலும் சிரிப்பு, அதுவும் விஷயம் தெரியாதவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

மூன்றாவதை நடக்கப்போவது என்று சொல்லலாம். முதல் படம் உடைத்த டெம்ப்ளேட்டுகள் போய்ப் புது டெம்ப்ளேட்டுகள் வந்தாயிற்று. நாயகன் யார் என்று தெரியாத வில்லனிடம் ஒரு வயசானவர் பத்து நிமிஷம் கதை சொல்வார், கதைக்கு நடுவில் வெறும் கண் மட்டும் காட்டுவார்கள். தூசி படிந்த பழைய ஃபைல் ஒன்று திறக்கும், அதில் ஒரு ஃபோட்டோ கிழிந்திருக்கும். சாதாரணக் குடும்பஸ்தர் ஒருவர் பேக்கரியிலோ மளிகைக் கடையிலோ நின்றிருப்பார், நாலு பேர் வந்து மகள் மேல் கை வைப்பார்கள், பழைய பாட்டு ஒன்று ஓட ஆரம்பிக்கும், சுத்தியல் கைக்கு வந்துவிடும். எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடும்போது இருட்டில் இன்னொருவர் சுருட்டுப் பற்ற வைப்பார், அடுத்த பாகத்துக்கு.

இதில் எந்தப் படத்தின் பெயரையும் நான் சொல்லவில்லை. படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு நாலைந்து ஞாபகம் வந்திருக்கும்.